முழங்காலுக்குக் கீழே: உடையின் வரலாறும் உயர்படிப்பும்



ஃபேஷன் டிசைன் முதுகலைப் படிப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், நினைவுச் சொற்பொழிவுக்கு இது பொருந்துமா என்று நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். நில உரிமை, கோயில் நுழைவு, டீக்கடை இரட்டை டம்ளர் என்று பேசிவந்த மேடையில் துணிமணிக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. நம் மக்கள்மீது எழுதப்பட்ட தடைப் பட்டியல் ஒன்றின் முதல் வரியே துணியைப் பற்றியதுதான் என்பது என் பதில். அந்தப் பட்டியலுக்கு வருமுன் நம் கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன்.

குலசேகரன்பட்டினத்தின் முத்தாரம்மன் கோயில் தசரா உங்களுக்குத் தெரியும். விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேடம் புனைந்து, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் கடற்கரைக்கு வந்து சேருகிறார்கள். காளி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ், குறவன் குறத்தி என்று ஆயிரக்கணக்கான உருவங்கள். காளி வேடத்துக்குச் சடைமுடி வேண்டும், கிரீடம் வேண்டும், நெற்றிப்பட்டை வேண்டும், கூடுதல் கைகள் வேண்டும். தைப்பவர், முடி கட்டுபவர், கிரீடம் செய்பவர் என்று எத்தனையோ கைத்திறன்கள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் ராஜா ஆகலாம், போலீஸ் ஆகலாம் என்று இந்தத் திருவிழாவைப் புகழ்கிறோம். ஆனால் பதினோராம் நாள் வேடத்தைக் கழற்றிவிட வேண்டும். திருவிழா வேடத்தைக் கழற்றலாம். சாதி விதித்த உடையை அப்படிக் கழற்ற முடிந்ததில்லை. குறத்தி வேடத்தை ஒருவர் கழற்றி மடித்து வைக்கும்போது, அதையே அன்றாட உடையாகக் கொண்ட பெண் அதே உடையில்தான் வீடு திரும்புகிறாள்.

குலசைக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்தது பழைய காயல் துறைமுகம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பார்த்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, இந்த நாட்டில் சட்டை வெட்டித் தைக்கத் தையற்காரரே இல்லை என்று வியந்து எழுதினார். அரசனும் மற்றவர்களைப் போலவே துணி கட்டியிருந்தான், அவன் உடம்பில் முத்தும் மாணிக்கமும்தான் கூடுதல் என்பது அவர் சொன்னது. மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் இதில் விளங்குகிறது. வெட்டித் தைக்காத துணியே பெருவழக்கான நாட்டில், மனிதரின் இடம் துணியின் வெட்டில் தெரியாது. எந்த உயரத்தில் கட்டினார், எந்தப் பக்கம் போட்டார் என்பதில் தெரியும். முழங்கால், இடுப்பு, தோள் ஆகிய மூன்று அளவுகளில் சாதி எழுதப்பட்டது.

தோளின் கதை நமக்கு மேற்கே, திருவிதாங்கூரில் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினார்கள். 1859 ஜூலை 26 அன்று அரச அறிவிப்பு வந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக்கூடாது என்றது அது. துணியைக் கொடுத்துவிட்டு அதைக் கட்டும் முறையை அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. இன்று டிசைன் வகுப்பில் துணியை உடலில் விழவைக்கும் கலையை ஒரு பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பாடத்தில் சட்டம் போட்ட அரசு நம் பக்கத்தில் இருந்தது என்பதை அங்கே சொல்வதுண்டா?

முழங்காலின் கதை இன்னும் நெருக்கமானது. குலசையிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் தூத்துக்குடியைத் தாண்டிப் பழைய ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அங்குள்ள ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதியைப் பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் போகக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது.

ஆடை நிறுவனங்களில் ஓர் உடுப்பைத் தைக்கக் கொடுக்கும்முன் விவரத்தாள் தயாரிப்பார்கள். நீளம் எவ்வளவு, எந்தத் துணி, எந்த வெட்டு, கூட அணிவது என்ன என்று அதில் வரிவரியாக இருக்கும். ராமநாதபுரத்துப் பட்டியலும் அப்படிப்பட்ட விவரத்தாள்தான். தலைமுடியிலிருந்து பாதம் வரை ஒரு மனிதர் எப்படித் தோன்ற வேண்டும் என்று அவரைக் கேட்காமலே எழுதிவைத்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, கால்நடை கொள்ளை போனது.

அதுவும் போதாமல் 1931 ஜூனில் பதினொரு தடைகள் வந்தன. அவற்றில் முதலாவது, முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. மூன்றாவது, பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். செம்பு, பித்தளைக் குடம் கூடாது. குடத்தின் அடியில் வைக்கும் சும்மாடு வைக்கோலாக இருக்க வேண்டும், துணியாக இருக்கக்கூடாது. நான்காவது, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது.

ஒரே தாளில் துணியும் படிப்பும் இருப்பதைக் கவனியுங்கள். தலையில் சுருட்டி வைக்கும் ஒரு சாண் கந்தல்கூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை. துணியைத் தொட்ட கை அடுத்து எதைத் தொடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்பேத்கருக்கும் அது தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், தீண்டாமையின் அடையாளமாக இருக்கும் புடவைக்கட்டையும் நகைகளையும் விட்டுவிடுங்கள் என்றார். பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்றும் அங்கேயே சொன்னார்.

இனி படிப்புக்கு வருகிறேன். இந்தியாவில் டிசைன் கல்வியின் தொடக்க ஆவணமாகக் கருதப்படுவது 1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி அரசுக்குக் கொடுத்த அறிக்கை. அதைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் உருவானது. தாங்கள் இந்தியாவில் பார்த்தவற்றில் மிகச் சிறந்த பொருள்களுள் ஒன்றாக அவர்கள் லோட்டாவை, நம் செம்பை, எடுத்துக்கொண்டார்கள். அதைத் தலையில் சுமப்பதா இடுப்பில் சுமப்பதா, எடை எவ்வளவு, கைக்கு எப்படி இருக்கும், உடைந்தால் என்ன விலை போகும் என்றெல்லாம் அருமையான கேள்விகள் கேட்டார்கள். அதை எடுக்க யாருக்கு அனுமதி இல்லை என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. ராமநாதபுரத்துத் தடைகளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. விருந்தாளிகள் கேட்காமல் விட்டதை மன்னிக்கலாம். அந்தக் கேள்வியை இனி கேட்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்.

தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 1986-இல் டெல்லியில் தொடங்கியது. 1995-இல் சென்னைக்கு வந்தது. இன்று தரமணியில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் தந்தது. முதுகலை டிசைன் படிப்பு இரண்டு ஆண்டு. படைப்புத்திறன் தேர்வு, பொதுத்திறன் தேர்வு, நேர்காணல் வழியாகச் சேர்க்கை. பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகளிலும் ஆடை வடிவமைப்பில் முதுகலை இருக்கிறது. கட்டணம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் 1944-இல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்றும் இருக்கிறது. அதை வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

இளங்கலை முடித்தவர் தைக்கவும் வெட்டவும் அறிவார். முதுகலையில் அவர் தன் கேள்வியோடு உட்கார வேண்டும், ஆய்வுக்குப் பொருளை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே போகும் நம் பிள்ளைகள் பாரிஸைப் பற்றி எழுதட்டும், தடுக்கவில்லை. சும்மாட்டைப் பற்றியும் எழுதட்டும். குலசை வேடங்களைத் தைக்கும் கைகளைப் பற்றி எழுதட்டும். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு நீரில் கால் புண்ணாகி, வெண்மையின் கூச்சத்தில் கண் மங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு ஏற்ற காலணியும் கண்ணாடியும் மேலுடையும் எப்படி இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டு வரையட்டும். தூய்மைப் பணியாளரின் சீருடையை அவர் உடம்பில் அளவெடுத்து வெட்டட்டும். மற்றவர் எழுதிய விவரத்தாளை நம் முன்னோர் உடம்பில் சுமந்தார்கள். நம் விவரத்தாளை நாமே எழுதும் படிப்பு இது.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருடைய பாட்டன்மார் முழங்காலுக்கு மேலே துண்டு கட்டியவர்கள். பள்ளிக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஒரு பேத்தி உடை வரலாற்றில் முதுகலைப் பட்டம் வாங்கும் நாளில் அந்தப் பட்டியலின் முதல் வரியும் நான்காவது வரியும் சேர்ந்தே அழிகின்றன. வீட்டில் ஒரு பெண் படம் வரைந்துகொண்டோ துணி வெட்டிக்கொண்டோ இருந்தால், இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்காதீர்கள். விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள்.

ஜெய் பீம்.