அட்லஸ் சுமந்த விளக்கு

லண்டனுக்குத் தென்கிழக்கே, கென்ட் மாகாணத்தின் எல்லைக்குள் அந்நாளில் அமைதியான சந்தை ஊராக விளங்கிய பிராம்லியின் கடைவீதியில், 1855-ஆம் ஆண்டு ஜோசப் வெல்ஸ் என்பவர் ஒரு பீங்கான் பாத்திரக் கடையை விலைக்கு வாங்கிக் குடியேறினார். வானத்தைத் தோளில் தாங்கி நிற்பதாகக் கிரேக்க புராணம் வருணிக்கும் அட்லஸின் உருவம் ஒன்று, சுமைக்குப் பதிலாக விளக்கை ஏந்தியபடி அக்கடையின் ஜன்னலில் நின்றமையால், அவ்வீட்டுக்கு 'அட்லஸ் ஹவுஸ்' என்ற பெயர் வழங்கிற்று. அங்கே பிறந்த கடைசிப் பிள்ளைதான் எச். ஜி. வெல்ஸ் என்று பின்னாளில் உலகம் அறிந்த நாவலாசிரியர். எனினும் அவருடைய கீர்த்தியைவிட, அந்தக் கடையும் அதை நம்பி வாழ்ந்த குடும்பமும் பட்ட பாடே என் மனத்தை அதிகமாக ஈர்க்கிறது.

ஜோசப் வியாபாரிகளின் வமிசத்தில் தோன்றியவர் அல்லர். பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவருக்கு 1828-இல் பிறந்து, தாமும் தோட்டக்கலையே பயின்றவர். அவர் மனைவி ஸாரா, மிட்ஹர்ஸ்ட் ஊரில் சத்திரம் நடத்தியவரின் மகள். ஸஸெக்ஸிலுள்ள அப்பார்க் மாளிகையில் சீமாட்டி ஒருத்திக்கு அணுக்கப் பணிப்பெண்ணாக இருந்தபோது, அங்கே தோட்ட வேலைக்கு வந்த ஜோசப்பைச் சந்தித்து, 1853-இல் மணந்துகொண்டார். தோட்ட உத்தியோகம் நிலைக்காமல், கைக்குழந்தையோடு கதியற்று நின்ற வேளையில், பிராம்லியில் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் அதைத் தள்ளிவிட முன்வந்தார். கையிருப்பு முழுவதையும் அதில் போட்ட தம்பதிகள், குடியேறிய சில நாட்களிலேயே, வாங்குவோர் வாராத கடையைத் தங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதை உணர்ந்தார்கள். ஸாராவின் நாட்குறிப்பில் அந்த ஏமாற்றத்தின் வேதனை பதிவாகியிருக்கிறது.

கடை தழைக்காமற் போனதற்கு அவர்களுடைய அனுபவக் குறைவு மட்டும் காரணம் அன்று. 1858-இல் பிராம்லிக்கு ரயில் வந்தது, ஊர் பெருகியது, ஆனால் ஊரோடு கடை பெருகவில்லை. வசதியுள்ளவர்கள் லண்டனுக்கே சென்று சாமான் வாங்கத் தலைப்பட்டார்கள். தலைநகரின் பெருங்கடைகளோ வண்டிகளில் சரக்கை வாசற்படிக்கே அனுப்பிவைத்தன. ஊரை வளர்த்த இருப்புப்பாதையே ஊர்க் கடைக்காரனின் ஜீவனத்தை அரித்த இந்த விசித்திரம், அக்காலத்துச் சிற்றூர்கள் பலவற்றில் நிகழ்ந்ததே.

குடும்பத்துக்குக் கைகொடுத்தது கிரிக்கெட். ஜோசப் வேகமாகப் பந்து வீசுபவர். 1862-இல் பிரைட்டனில் ஸஸெக்ஸுக்கு எதிராகக் கென்ட் அணிக்காக ஆடியபோது, அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு பேரை வீழ்த்தினார். முதல்தர ஆட்டத்தில் அதற்குமுன் எவரும் அதைச் செய்ததில்லை. கடையில் கோப்பைகளுக்கும் தட்டுகளுக்கும் அருகே மட்டைகளும் பந்துகளும் இடம்பெற்றன. ஆட்டத்தில் கிடைத்த ஊதியம் கடையின் பற்றாக்குறையை ஈடுசெய்தது.

அந்த வீட்டின் வாழ்வு நடந்ததோ தரைமட்டத்துக்குக் கீழே இருந்த சமையலறையில். தெருவோரத்து இரும்புக் கம்பித் தடுப்பின் வழியே இறங்கிய வெளிச்சத்தில், போவோர் வருவோரின் பூட்ஸுகளை மட்டுமே காண இயன்றது. ஏழைகளின் கிழிந்த காலணிகளைப் பற்றி நாவலாசிரியரான மகன் 1907-இல் வெளியிட்ட ஒரு பிரசுரத்தில், அந்தச் சமையலறை ஜன்னலை நினைவுகூர்ந்தார். அங்கேதான் ஸாரா, வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள வகையின்றி, இரவும் பகலும் உழைத்தார். 1864-இல் ஒன்பது வயது மகளைப் பறிகொடுத்த துயரத்தையும் அங்கேயே சுமந்தார். இரண்டாண்டு கழித்துத்தான் கடைசி மகன் ஹெர்பர்ட் பிறந்தான்.

ஜோசப்பின் உள்ளத்திலிருந்த தோட்டக்காரர் மறையவேயில்லை. கொல்லைச் சுவரில் ஒரு திராட்சைக் கொடியை வளர்த்துவந்தார். 1877-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி மாதாகோவிலுக்குச் சென்றிருந்த நேரத்தில், அக்கொடியைக் கத்தரிக்க ஏறி நின்றவர் தவறி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கிரிக்கெட் வருமானம் அன்றோடு நின்றது. மூன்றாண்டுகளுக்குப்பின் அப்பார்க்கின் எஜமானி அழைக்க, ஸாரா பழைய மாளிகைக்கே வீட்டு நிர்வாகியாகத் திரும்பினார். கணவர் கடையிலேயே தங்கினார். பிள்ளைகள் மூவரையும் ஜவுளிக்கடைகளில் தொழில் பழக விடுவதே அந்தத் தாய் கண்ட வழி; கௌரவமான ஜீவனம் என்று அவர் அறிந்தது அது ஒன்றே.

கடைசி மகனுக்கு அது சிறையாயிற்று. ஸௌத்ஸீ ஜவுளிக்கடையிலிருந்து ஒரு ஞாயிறு காலை, பசியோடு பதினேழு மைல் நடந்து அப்பார்க் சேர்ந்து, இனித் திரும்பமாட்டேன் என்று தாயிடம் மன்றாடினான். 1883-இல் விடுதலையும் பெற்றான். அவன் பின்னர் எழுதிய 'கிப்ஸ்' ஜவுளிக்கடைப் பையனின் கதை. 'மிஸ்டர் பாலியின் சரித்திரம்' நொடிந்துபோகும் கடைக்காரரின் கதை. முன்னது வெளிவந்த 1905-இல் தாயும், பின்னது வெளிவந்த 1910-இல் தந்தையும் காலமானார்கள்.

ஜன்னலில் நின்ற அட்லஸ் விளக்கை மட்டுமே சுமந்தான். அவ்வீட்டைச் சுமந்த ஸாராவோ, கணவரின் கடையும் ஆட்டமும் கைவிட்டபோது, மணமாகுமுன் தாம் பணிசெய்த வாசலுக்கே ஐம்பத்தேழாம் வயதில் மீண்டும் சென்று, ஒரு சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.