மங்கலதேவி மலையும் கண்டிப் பத்தினியும்

கண்டி மாநகரிலிருந்து பேராதனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரமாக மகாவலி கங்கை ஓடும் ஓரிடத்துக்குக் கெட்டம்பே என்று பெயர். ஆண்டில் ஒருநாள், பொழுது புலருமுன்னரே, அந்த ஆற்றுத்துறையில் தீவட்டிகளின் ஒளி தெரியும். எசல பெரஹரா எனப்படும் கண்டிப் பெருவிழாவின் இறுதி இரவு கழிந்தவுடன், நகரின் நான்கு தேவாலயங்களைச் சேர்ந்த பஸ்நாயக்க நிலமேமாரும் கப்புறாளைமாரும் அங்கே வந்து சேர்வர். கப்புறாளை ஆற்றிலிறங்கி வாளினால் நீரில் ஒரு வட்டம் கீறுவார். சென்ற ஆண்டு முகந்து வைத்திருந்த நீரை ஆற்றிலே விட்டுவிட்டு, அவ்வட்டத்தினுள்ளிருந்து புதுநீர் முகந்து கலத்தை நிரப்புவர். அந்நீர் மறு ஆண்டு வரை தேவாலயத்திலே காக்கப்படும். நீர் வெட்டு என்று இச்சடங்குக்குப் பெயர்.

அந்நான்கு தேவாலயங்களும் நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகிய நால்வருக்கும் உரியவை. இவற்றுள் இறுதியாக எண்ணப்படும் பத்தினி, தமிழருக்குப் புதியவள் அல்லள். புகாரிலே பிறந்து, மதுரையிலே கணவனை இழந்து, அரசனிடம் நீதி கேட்டு, அந்நகரைத் தீக்கிரையாக்கிய கண்ணகியையே சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று வணங்குகின்றனர். அவளுடைய திருச்சின்னம் காற்சிலம்பு. சிங்கள மொழியிலும் அதனைச் சலம்ப என்றும் ஹலம்ப என்றும் கூறுவர். சொல்லிலேயே உறவு தெரிகின்றது. சிங்களக் கதையில் அவள் மாங்கனியிலே தோன்றியவள். மாண்ட கணவன் பாலங்கனை உயிர்ப்பித்தவள். பின்னொரு காலத்தில் புத்த நிலை எய்தவிருப்பவள். மழையில்லாக் காலத்திலும், அம்மை முதலிய தொற்றுநோய்கள் பரவும் காலத்திலும் முதலில் நினைக்கப்படும் தெய்வமும் அவளே.

மதுரையை விட்டு மேற்கு நோக்கிச் சென்று மலையேறிய ஒருத்தி, கடலுக்கு இப்பால் மகாவலிக் கரைக்கு வந்தது எவ்வாறு? இதற்கு விடை காணப் புகுவோர் முதலில் அந்த மலைக்குச் சென்று வருதல் வேண்டும்.

இளங்கோவடிகள் கூறும் கதையை யாவரும் அறிவர். எரியுண்ட மதுரையின் மேற்கு வாயில் வழியே வெளிப்போந்த கண்ணகி, வையையின் கரையைப் பற்றி ஆற்றுக்கு எதிர்முகமாக நடந்தாள். மேடு பள்ளம் பாராது நடந்து நெடுவேள் குன்றத்தை அடைந்து, பூத்து நின்ற வேங்கை மரமொன்றின் நிழலில் நின்றாள். கணவன் இறந்து பதினான்கு நாட்கள் கழிந்தபோது, வானூர்தியில் அவனோடு விண்ணுலகு சென்றாள். இதனைக் கண்டவர்கள் அரசர்களோ அந்தணர்களோ அல்லர். தினைப்புனம் காத்து நின்ற குறவர்கள். அவளைத் தம் குலதெய்வமாக முதலில் கொண்டாடியவர்களும் அவர்களே. சேரன் செங்குட்டுவன் செய்தியறிந்தது அதன் பின்னர்தான். இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சியிலே அவன் கோயில் சமைத்ததெல்லாம், குன்றவர் தொடங்கியதை அரசு தன் கையில் எடுத்துக்கொண்ட கதையே.

அக்குன்றம் எது என்பதில் பழங்காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. திருச்செங்கோடு என்பர் ஒருசாரார். சேரநாட்டு மலையென்பர் மற்றொரு சாரார். கண்ணகி சென்ற வழியை நடந்தே ஆராய்ந்த தஞ்சைப் புலவர் சி. கோவிந்தராசனார், 1963ஆம் ஆண்டில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே உயர்ந்து நிற்கும் மங்கலதேவி மலையின் இடிந்த கோயிலே கண்ணகி கோட்டம் என்று எடுத்துக் காட்டினார். அது முதல் தமிழ்நாட்டில் அம்மலைக்குப் புதிய பெருமை உண்டாயிற்று. மலையைச் சார்ந்த காட்டை வண்ணாத்திப்பாறை என்பர். விண்ணேற்றிப்பாறை என்பதே இவ்வாறு திரிந்தது என்று சொல்வாரும் உளர். இத்தகைய சொல்லாராய்ச்சியை அளவோடு நம்புவதே நன்று.

இன்று அம்மலை கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில், பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தை ஒட்டி, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கின்றது. கோயில் யாருடையது என்பது பற்றி இரு மாநிலங்களுக்குமிடையே நெடுநாளைய வழக்கு உண்டு. சித்திரைத் திங்கள் முழுமதி நாள் ஒன்றில் மட்டுமே அடியார்கள் மேலேற அனுமதி. அதற்கும் முன்னதாக இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசி ஏற்பாடுகளை முடிவு செய்வர்.

அந்நாளில் விடியற்காலையிலேயே குமுளியில் ஜீப் வண்டிகள் வரிசையாக நிற்கும். காட்டுப் பாதையில் புழுதி எழுப்பிக்கொண்டு அவை மலைமேல் ஏறும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து புறப்படுவோருக்கு வண்டியில்லை. ஆறேழு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம், நடந்தே செல்லல் வேண்டும். கண்ணகி நடந்தாள், நாமும் நடப்போம் என்று முதியவர்களும் கைத்தடி ஊன்றி ஏறுவதுண்டு. பிளாஸ்டிக் பொருள்களைக் காவலர்கள் அடிவாரத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வர். உச்சியை அடைந்தால் மரமடர்ந்த காடு விலகிப் புல்வெளியும் காற்றுமாக இருக்கும். பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய சிறு கோயில்கள் சில, பாதி சரிந்தும் பாதி நின்றும், மதிற்சுவரின் எச்சங்களுக்கு நடுவே காணப்படும். ஒரு சந்நிதியில் தமிழ் முறைப்படியும் மற்றொன்றில் கேரள முறைப்படியும் பூசை நடைபெறும். பெண்கள் பொங்கலிடுவர். மாலை நெருங்கியதும் காவலர்கள் எல்லோரையும் கீழே அனுப்பிவிடுவர். இரவில் அங்கே தங்குவதற்கில்லை. ஆண்டில் இன்னும் சில நாட்களேனும் திறக்க வேண்டும் என்ற வேண்டுகோள் நெடுங்காலமாக எழுந்தவண்ணம் உள்ளது. புலியும் யானையும் வாழும் காட்டில் மக்கள் நடமாட்டத்தை அஞ்சுவோரின் சொல்லையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

உச்சியின் விளிம்பில் நின்று கிழக்கே நோக்கினால், கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோப்புகளும் கட்டம் கட்டமாகத் தெரியும். அவற்றுக்குப் பாயும் நீர் பற்றி ஒரு செய்தி உண்டு. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் அணையிட்டு மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895இல் அப்பணி நிறைவேறியது. அந்நீர் சுருளியாற்றோடு கூடி வையையில் சேர்ந்து மதுரைச் சீமைக்குச் செல்கின்றது. செங்குட்டுவன் குறவர் வாயிலாகக் கண்ணகியின் செய்தியைக் கேட்டது பெரியாற்றங்கரையில் என்கின்றது காப்பியம். அவள் எரித்த நகரத்துக்கு, அவள் நடந்த அந்த ஆற்று வழியாகவே, அவள் ஏறிய மலைநாட்டின் நீர் இறங்கிப் போகின்றது. மலையேறி வரும் மதுரை மாவட்டத்து உழவர்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி இலங்கைக்குத் திரும்பலாம். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு வந்த வேற்றரசர்களுள் இலங்கைக் கயவாகு ஒருவன் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவன் தன் நாட்டிலும் பத்தினிக்குக் கோட்டம் அமைத்து, ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்றும், மழை தவறாது பெய்து நாடு செழித்தது என்றும் நூலின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை சொல்கின்றது. கண்டிப் பெரஹரா நடைபெறும் எசல மாதமும் நம் ஆடியை ஒட்டியதே. இப்பொருத்தம் தற்செயலானது என்று ஒதுக்குவதற்கு மனம் எளிதில் இடங்கொடாது.

ஆயினும் வரலாறு மனம் இடங்கொடுப்பதை மட்டும் பார்ப்பதில்லை. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட கஜபாகுவைப் பற்றி மகாவம்சம் பேசுகின்றது. அவன் செய்த திருப்பணிகளைக் கூறும் அந்நூல், சேரநாட்டுப் பயணத்தையோ பத்தினியையோ ஓரிடத்திலும் குறிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டளவில் எழுந்த இராஜாவலியவில்தான் கதை முழு உருவம் பெறுகின்றது. சோழன் சிறைகொண்டு சென்ற பன்னீராயிரம் பேரை மீட்கச் சென்ற கஜபாகு, அவர்களோடு மேலும் பன்னீராயிரம் பேரையும், பத்தினியின் பொற்சிலம்புகளையும், புத்தபிரானின் பிச்சைப் பாத்திரத்தையும் கொண்டு வந்தான் என்கின்றது அந்நூல். கொண்டுவந்த மக்களைக் குடியேற்றிய இடங்களுள் யட்டிநுவர, உடுநுவர, தும்பனை என்பனவும் கூறப்படுகின்றன. பேராதனையைச் சூழ்ந்த ஊர்கள் பலவும் இப்பகுதிகளைச் சேர்ந்தனவே.

கஜபாகு என்னும் இந்த ஒரு பெயரின்மேல் தமிழர் வரலாறு எத்துணைப் பெருஞ்சுமையை ஏற்றியிருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய பின்னர், செங்குட்டுவனும் கஜபாகுவும் ஒரே காலத்தவர் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றி 1904இல் நூல் வெளியிட்ட வி. கனகசபைப் பிள்ளை, இதனையே அடிப்படையாகக் கொண்டு சங்க காலத்தை வரையறுத்தார். பின்வந்த பெரும் புலவர் பலரும் அக்கருத்தையே மேற்கொண்டனர். சங்கப் புலவர்களின் காலமெல்லாம் இந்த ஒரு தூணில் தொங்கின.

அத்தூணை அசைத்துப் பார்த்தவர் பேராதனையோடு தொடர்புடைய ஓர் அறிஞர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பயின்று, பின் அங்கேயே ஆசிரியராகவும் இருந்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, 1970இல் எழுதிய கட்டுரையொன்றில், கஜபாகு கதை நடந்த வரலாறன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் தம் வருகைக்கு ஒரு தோற்றக் கதை வேண்டிச் சமைத்துக்கொண்டது என்று வாதித்தார். மக்கள் வந்தது மெய். மன்னன் அழைத்து வந்தது புனைவு என்பதே அவர் முடிவு. ஊர் ஊராகச் சென்று பத்தினிச் சடங்குகளையும் பாடல்களையும் திரட்டி, 1984இல் பெருநூலொன்றையும் அவர் வெளியிட்டார். அவர் கருத்தை ஏற்காதவர்களும் உளர். ஆனால் அரசன் ஒருவன் கப்பலிலே கொணர்ந்த தெய்வம் என்பதைக் காட்டிலும், வணிகரும் உழவரும் போர்வீரரும் நூற்றாண்டுக் கணக்கில் சிறிது சிறிதாகத் தம்மோடு கொணர்ந்த தெய்வம் என்பதே இயல்பாகத் தோன்றுகின்றது. மலையிலே அவளை முதலில் தெய்வமாக்கியவர்களும் குறவர்தாமே.

அவள் வந்த வழி எதுவாயினும், கண்டியில் அவள் பெற்ற இடம் உறுதியானது. கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க மன்னர்கள் மதுரை நாயக்கரோடு உறவுடையவர்கள். கண்ணகி சினந்து எரித்த நகரத்தின் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில்தான் பெரஹரா இன்றைய ஒழுங்கைப் பெற்றது. 1753இல் சயாம் நாட்டிலிருந்து பௌத்தத் துறவிகள் வந்தனர். தெய்வங்களின் ஊர்வலத்தில் புத்தருக்கு இடமில்லையே என்று அவர்கள் குறைப்பட, தந்த தாதுவே முன்செல்ல வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான் என்பர். தலதா மாளிகை முதலாக, நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி என்ற வரிசை இன்றும் மாறவில்லை. ஈற்றில் வரும் பத்தினி தேவாலய ஊர்வலத்தில்தான் ஆடற்பெண்டிரைக் காணலாம்.

கிழக்கிலங்கைத் தமிழரிடையே அவள் கண்ணகை அம்மன். மட்டக்களப்புப் பகுதியில் வைகாசித் திங்களில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரைப் பாடல்களைப் பாடிக் குளிர்த்திச் சடங்கு செய்வர். ஊரை வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரித்து, கோவலன் பக்கம், கண்ணகி பக்கம் எனக் கொம்பிழுத்து விளையாடுவதும் அங்கே உண்டு. சிங்கள ஊர்களில் இதே விளையாட்டு அங்கெளிய என்று வழங்கும். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் இரு மொழியினரும் ஒரே விளையாட்டை ஆடி வந்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் நிலை வேறு. கண்ணகியைச் சமணக் குடிப்பெண் என்று கருதிய ஆறுமுக நாவலர் அவ்வழிபாட்டை ஏற்கவில்லை. அங்கிருந்த கண்ணகி கோயில்கள் பல பின்னர் இராஜராஜேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. சிங்களவர் கைவிடாத பெயரைத் தமிழர் சிலர் கைவிட நேர்ந்தது எண்ணத்தக்கது.

சித்திரை முழுமதியன்று மங்கலதேவி மலையிலிருந்து இறங்கும் கூட்டத்தில் கெட்டம்பேயைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே இருப்பர். கெட்டம்பேயில் நீர் முகக்கும் கப்புறாளைகளும் பளியங்குடி ஏற்றத்தை அறிந்திருக்க மாட்டார்கள். நீர் வெட்டு முடிந்து, நிரம்பிய கலங்களோடு நகருக்குத் திரும்பும் நான்கு தேவாலய ஊர்வலங்களும், வழியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தங்கி, அதன் பின்னரே பகற் பெரஹராவாகப் புறப்படுகின்றன.