குரல் யாருடையது?

தறியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கையும் காலும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும். காது மட்டுந்தான் சும்மா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் வானொலிப் பெட்டி இடம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதில் லண்டனிலிருந்து வந்த தமிழ்க்குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. நமது இலக்கிய வரலாறுகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

1938ல் பிபிசி அரபியில் பேசத் தொடங்கியது மொழிப்பற்றினால் அல்ல. முசோலினியின் வானொலி ஏற்கெனவே அரபியில் பேசிக்கொண்டிருந்தது; பதில் சொல்லியாக வேண்டும். 1941 மே 3ல் தமிழ் ஒலிபரப்பு வந்ததும் யுத்தத்திற்காகத்தான். பிறகு அங்கே பணியில் சேர்ந்த ஜார்ஜ் ஆர்வெல் ஆங்கிலத்தில் எழுதித் தந்த செய்திமடல்கள் தமிழாக்கி வாசிக்கப்பட்டன. நாக்கு தமிழருடையது, பேச்சு பேரரசினுடையது.

அந்த நிலையத்துக்குள் பிற்பாடு போனவர் சோ. சிவபாதசுந்தரம். 1912ல் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியான கரம்பொனில் பிறந்தவர். 'ஈழகேசரி' ஆசிரியர், இலங்கை வானொலி, பிறகு லண்டன் என்று போகிறது அவர் பாதை. இதை 'கடல் கடந்த தமிழன்' என்ற பெருமைக் கதையாக்குவது சுலபம். அவர் செய்தது வேறு. செய்திமடலாகக் கிடந்ததற்குப் பாரதியின் சொல்லை எடுத்துத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தார். 1954ல் 'ஒலிபரப்புக் கலை' எழுதினார். ஆள்வோரின் கருவியைத் தமிழில் கற்கவும் கற்பிக்கவும் கூடிய தொழிலாக மாற்றும் முயற்சி அது. நிலையம் அவர்களுடையது, தொழில்நுட்பம் நம் கைக்கு வந்தாக வேண்டும்.

ஆனால் இன்று அவரை நாம் எப்படி அறிகிறோம்? சிட்டியோடு சேர்ந்து எழுதிய தமிழ் நாவல் வரலாறு (1977), சிறுகதை வரலாறு (1989) வழியாகத்தான். அச்சு நின்றது, குரல் காற்றோடு போச்சு. 2000ல் அவர் மறைந்தார். தமிழோசை வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றுபோனது.

இன்னொரு மௌனமும் இதில் இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் இணைக்க இரண்டு பேர் வேண்டும். இருவர் பெயரும் சேலையில் இராது. அந்தத் தறிக்காரர் உலகச் செய்தி அத்தனையும் கேட்டார். கூலி பற்றி, முன்பணக் கடன் பற்றி அவர் பேச, லண்டன் எத்தனை நாள் கேட்டிருக்கும்? ஒலிபரப்பாளரின் வரலாற்றை எழுதும்போது, கேட்டவர்களின் வரலாற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.