கீ-செயினும் பாபலும்: பள்ளி ஃபேப் லேபின் முன்வரலாறு குறித்து

பள்ளிகளில் டிஜிட்டல் பட்டறைகள் வந்த வரலாற்றை எழுதுவோர் பலருக்கும் கல்வி ஆய்வாளர் பாவ்லோ பிளிக்ஸ்டீனின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையே ஆதாரம். ஜான் டூயி, பாவ்லோ ஃப்ரெய்ரே, சீமோர் பேப்பர்ட் ஆகிய மூவரின் கல்விச் சிந்தனைகள் பிளிக்ஸ்டீன் 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளி ஃபேப் லேப் (கணினியால் இயங்கும் வெட்டு, அச்சுப் பொறிகள் கொண்ட பட்டறை) திட்டத்துக்கு அடித்தளம் என்கிறது அது. சிந்தனை மரபு என்ற அளவில் இதை மறுக்க வேண்டியதில்லை. நடைமுறையின் வரலாறாகவும் இதையே எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

அக்கட்டுரையில் அதிகம் எடுத்தாளப்படும் பகுதி கீ-செயின் பற்றியது. லேசர் வெட்டும் பொறியைப் பழக்குவதற்காக மாணவர்களுக்குக் கீ-செயின் செய்யக் கற்றுத்தரப்பட்டது. அதன்பின் அவர்கள் அதையே செய்துகொண்டிருந்தனர். கடினமான வேலைக்கு நகர மனமில்லை. சிறு உழைப்பில் அழகான பொருள் கிடைத்துவிடுவதே காரணம் என்பது பிளிக்ஸ்டீனின் விளக்கம். எளிய செய்முறைகளில் தேங்கவிடாமல் சிக்கலான பணிகளுக்கு ஆசிரியர் இட்டுச்செல்ல வேண்டும் என்பது அவர் கூறும் தீர்வு.

நிகழ்ந்தது சரி; விளக்கம் போதாது. அக்ரிலிக் தகட்டில் பெயரை வெட்டும் மாணவர் எதையும் அளக்க வேண்டியதில்லை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கீ-செயினுக்கு ஒன்றும் ஆகாது. அதே பொறியில் 3 மில்லிமீட்டர் பலகைகளைப் பசையில்லாமல் கோத்துப் பெட்டி செய்யச் சொன்னால் கதை வேறு. லேசர் தான் போகும் வழியில் பலகையைக் கொஞ்சம் எரித்துவிடுவதால், 3 மில்லிமீட்டர் என்று வரைந்த காடி சற்று அகலமாக வெட்டுப்படும், பெட்டி ஆடும். காடியைக் குறுக்கி வரைந்து, சோதனைத் துண்டு வெட்டி, பொருத்திப் பார்த்து, மறுபடி திருத்த வேண்டும். இங்கும் பொறி அதுவே, பொருளும் அழகானதே. ஆனால் வேலை சரியில்லை என்பதைப் பலகையே காட்டிவிடுகிறது. கீ-செயினில் தவறைக் காட்ட ஆளுமில்லை, பொருளுமில்லை. மாணவர்கள் தேங்கியதற்கு வேலையின் எளிமையைவிட இதுவே பெரிய காரணம் எனக் கொள்ளலாம்.

தவறைக் காட்டும் ஆட்கள் தொடக்கத்திலேயே இருந்த இடம் புனே அருகிலுள்ள பாபல் கிராமம். இந்துஸ்தான் லீவரில் பணியாற்றிய விஞ்ஞானி எஸ். எஸ். கல்பாக் 1983இல் அங்கே விக்யான் ஆசிரமத்தைத் தொடங்கினார். படிப்பை இடையில் நிறுத்திய கிராமத்து இளைஞர்கள் வெல்டிங், மின்வேலை, விவசாயம் முதலியவற்றை ஊராருக்கு வேலை செய்துகொடுத்தே கற்றார்கள். அந்தப் பாடத்திட்டம் மகாராஷ்டிரத்தின் பள்ளிகள் சிலவற்றுக்கும் போனது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நீல் கெர்ஷன்ஃபெல்டின் முயற்சியில் 2002இல் ஃபேப் லேப் அங்கு வந்தபோது பட்டறை, மாணவர், வேலை கொடுக்கும் ஊர் மூன்றும் ஏற்கெனவே இருந்தன. பாலின் தரத்தையும் டீசல் இன்ஜினின் ஓட்டத்தையும் அளக்கும் கருவிகளில் அங்கு நாட்டம் சென்றது தற்செயல் அல்ல. தப்பாகக் காட்டும் கருவியைப் பால்காரர் ஏற்கமாட்டார்.

பாபல் பள்ளியே அல்ல என்ற ஆட்சேபம் எழலாம். அதில் நியாயமும் உண்டு: அது உண்டு உறைவிடப் பயிற்சி மையம்; தேர்வும் மணியடித்து மாறும் பாடவேளையும் ஸ்டான்ஃபோர்டு திட்டத்தின் கூட்டாளிப் பள்ளிகளைப் போல அதை நெருக்கவில்லை. எனவே தொடக்கம் 2002ஆ 2008ஆ என்பது பள்ளி என்பதற்கு எல்லை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இக்கட்டுரை அதை முடிவுகட்டவில்லை. பாபலிலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகவும் இங்கே வாதிடப்படவில்லை. ஆனால் மாணவர்கள் ஏற்கெனவே அறிந்த கைவேலையைப் புதிய கருவியால் பெருக்க வேண்டும் என்று பிளிக்ஸ்டீனே அதே கட்டுரையில் வலியுறுத்துகிறார். வெல்டிங் தெரிந்தவர்கள் கையில் கணினிப் பொறியைத் தந்த பாபலுக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு இல்லை. அந்த வரியைக் கீ-செயின் பகுதியோடு சேர்த்துப் படிப்பவர் குறைவு.

பாபலின் வேறுபாடு பின்னால் வந்த திட்டங்களோடு ஒப்பிடும்போதும் தெரிகிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் 3டி அச்சு முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியாகி அச்சுப்பொறி மலிந்தது. நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம், 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்காகப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. ஊரின் பிரச்சினைகளுக்குத் தீர்வு காணுமாறு அது மாணவர்களைத் தூண்டுவதில் பாபலின் சாயல் உண்டு. ஆனால் பிரச்சினையை மாணவர்தான் தேடிப் போக வேண்டும்; பாபலில் அது பட்டறைக்கே வந்தது.