தீவகப் பாடசாலைச் சிறுவர்: உணவும் உடலியக்கமும்

வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய யாழ்ப்பாணத் தீவுகளில், சிறுவர் ஊட்டப் பணிகள் பெரும்பாலும் பாடசாலையை மையமாகக் கொண்டே நடக்கின்றன.

இப்பணிகளின் அடித்தளம் பாடசாலை மருத்துவப் பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிள்ளைகளின் உயரம், நிறை, பார்வை, பல் ஆகியவற்றைப் பார்க்கின்றனர். மாணவர் தொகை 200க்கு மேற்பட்டால் குறித்த வகுப்புகள் மட்டும். குறைந்தால் பாடசாலை முழுவதும். போரும் இடப்பெயர்வும் தீவகப் பாடசாலைகள் பலவற்றைச் சிறுக்க வைத்தன. அந்த இழப்பால், அங்கே எல்லாப் பிள்ளைகளும் தராசில் ஏறுகிறார்கள்.

நிறை குறைந்த பாலருக்கு 1973 முதல் திரிபோஷா என்னும் சத்துமா வழங்கப்படுகிறது. 2024 மார்ச்சில் பாடசாலை உணவுத் திட்டம் நாடெங்கும் ஆரம்பப் பிரிவினர் அனைவருக்கும் விரிந்தது. ஆனால், நெடுந்தீவுக்கு அவ்வுணவுக்கான மரக்கறி குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகில் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை. மீனும் முருங்கையும் பனையும் ஊரிலேயே உண்டு. கசப்புப் போக ஊறவைத்த ஒடியல் மாவில் மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை சேர்த்துக் காய்ச்சும் கூழ், ஒரே சட்டியில் ஒரு முழுச் சாப்பாடு.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எதை விற்கலாம் என்பதைக் கல்வி அமைச்சின் 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வரையறுத்தது. 2016 முதல் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியுள்ள மென்பானப் போத்தலில் சிவப்பு வட்டம் இருக்கவேண்டும். வாயிலுக்கு வெளியே உள்ள பெட்டிக்கடையைச் சுற்றறிக்கை தொடுவதில்லை.

5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடற்பருமன் தடுப்புச் சோதனைகளைத் தொகுத்த கொக்ரேன் ஆய்வு (2019), 6 முதல் 12 வயதினரிடம் உடலியக்கத் திட்டங்கள் சிறிதளவு பயன் தந்ததாகவும், உணவுமுறை மாற்றம் மட்டும் பயன் தந்ததற்குச் சான்று இல்லை என்றும் கண்டது. மெலிவே பெருங்கவலையான இடத்துக்கு அம்முடிவை அப்படியே பொருத்த முடியாது.

வருடாந்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வேகமாக ஓடுவோரே முன்னிற்கின்றனர். கிளித்தட்டு விளையாட்டு அப்படியல்ல. மணலில் காலால் கோடு இழுத்தால் போதும். நடுக்கோட்டில் கிளி எனப்படுபவர் ஓட, குறுக்குக் கோடுகளில் மறிப்போர் நிற்க, கடக்கும் அணியில் மெதுவாக ஓடும் பிள்ளைக்கும் சும்மா நிற்க இடமில்லை.