"செயின் வண்டி, ஆயுளுக்கும் கவலை இல்லை": நமது கரையோரத்து டீசல் வாகனங்களின் சிறு வரலாறு

பாவித்த டீசல் வாகனம் ஒன்றை விற்க வருபவர் இப்போது முதலில் சொல்லும் வசனம் இதுதான்: "இது பெல்ட் இல்ல, செயின். ஆயுளுக்கும் பார்க்கத் தேவையில்ல." ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இந்த ஒரு வசனத்தை நம்பி வெளிநாட்டில் உழைத்த காசும் அடகு வைத்த நகையும் கைமாறுகின்றன. இது எங்கிருந்து வந்தது, எந்தளவு உண்மை என்று அறிய, நமது பகுதிக்கு டீசல் வாகனங்கள் வந்த கதையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னப் பாடம். பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது சுழல்வது கிராங்க். காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பதுதான் டைமிங். டீசல் எஞ்சினில் காற்று மிக இறுக்கமாக அழுத்தப்படுவதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடையில் மிகச் சிறிய இடைவெளியே இருக்கும். கணக்குத் தவறினால் இரண்டும் மோதும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும், எஞ்சினே போய்விடும்.

கிராங்கையும் கேமையும் இணைக்க மூன்று வழிகள்: பல்சக்கரம், பெல்ட், செயின். நமது ஊர்கள் இந்த மூன்று காலங்களையும் வரிசையாகக் கண்டவை.

நமக்கு ரயில் கிடையாது. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே நெல்லும் மீனும் நோயாளியும் மாணவனும் தெருவை நம்பித்தான் போக வேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயல்களைப் பெருக்கியது. வயலோடு உழவு இயந்திரங்கள் வந்தன, பின்னர் நெல் ஏற்றும் ஜப்பானிய லொறிகள் வந்தன. மெசி பெர்கியூசனுக்குள் இருந்த பேர்கின்ஸ் எஞ்சின், மிட்சுபிசி கண்டர் லொறியின் எஞ்சின் எல்லாம் பல்சக்கரம் கொண்டவை. கனமானவை, சத்தமானவை, ஆனால் டைமிங் பற்றி யாரும் யோசிக்கத் தேவையில்லை. ஒயில் கறுத்தாலும் ஓடின. குறைந்தால் ஊற்றுவார்கள், மாற்றுவது பிறகு பார்க்கலாம். ஒயிலை அசட்டை செய்யும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது இந்தக் காலத்தில்தான்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானில் பாவித்த வேன்கள் நாட்டுக்குள் பெருகின. நம்மவர்கள் 'டொல்பின்' என்று பெயர் வைத்த ரொயோட்டா ஹைஏஸ், டவுன்ஏஸ், மிட்சுபிசி டெலிகா. இவற்றின் டீசல் எஞ்சின்களில் இருந்தது டைமிங் பெல்ட். பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் பெருமளவில் தயாரிக்கும் காருக்குள் முதலில் கொண்டுவந்தது 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம். மலிவு, எடை குறைவு, சத்தமும் இல்லை என்பதால் உலகமே அதன் பின்னால் போனது.

ஆனால் பெல்ட்டுக்குத் தவணை உண்டு. ரொயோட்டா டீசல் வேன்களில் 100,000 கிலோமீற்றரில் மீட்டர் பலகையில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும். பெல்ட்டை மாற்று என்று அர்த்தம். அந்த விளக்கை அணைப்பதும் மீட்டரைப் பின்னுக்குச் சுற்றுவதும் சின்ன வேலைகள். அதன் விலையை வாங்கியவர்தான் கொடுத்தார். விமான நிலையத்துக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவில் புறப்படும் வேன், சியம்பலாண்டுவைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் லகுகலைக் காட்டோரம் நின்றுபோனால் என்ன நிலை? பெல்ட் எந்தச் சத்தமும் காட்டாமல் அறுந்துவிடும். யானை நடமாடும் தெரு அது. யுத்த காலத்தில் யானையை விடவும் பயப்பட வேறு காரணங்கள் இருந்தன. அந்தப் பயம்தான் செயினுக்கு நம்மிடையே இவ்வளவு மதிப்பைத் தந்தது.

செயின் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இன்றைய சைக்கிள் செயினின் மூதாதையான உருளைச் செயினுக்கு ஹான்ஸ் ரெனோல்ட் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றது 1880இல். டீசல் காருக்குள் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மெர்சிடிஸ். 1976 முதல் 1985 வரை வந்த டபிள்யூ123 டீசல் கார்களில் இரட்டை வரிச் செயின் இருந்தது. அவை உலகமெங்கும் டாக்சிகளாக இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடின. 'செயின் என்றால் ஆயுள் முழுக்க' என்ற புகழ் அந்த இரட்டை வரிச் செயின் சம்பாதித்தது.

பிறகு நமது தெருக்களிலும் செயின் டீசல்கள் வந்தன. மொன்டேரோவின் 2.8, 3.2 லீற்றர் எஞ்சின்கள் செயின் கொண்டவை. 2004 சுனாமிக்குப் பின் இரட்டைக் கபின் பிக்கப்கள் நிறைந்த காலத்தில் நிசான் நவாரா வந்தது. இந்தியாவில் 2007இல் ஸ்விப்ட் டீசலுக்குள் போன பியட்டின் 1.3 லீற்றர் எஞ்சினும் செயின்தான். அதுவே டாட்டா விஸ்டா, மான்சா கார்களுக்குள்ளும் போனது. ரொயோட்டாவும் 2015இல் ஹைலக்சின் புதிய எஞ்சினைச் செயினுக்கு மாற்றியது.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. எஞ்சினைச் சிறிதாக்கவும் எடையைக் குறைக்கவும் பல கம்பனிகள் மெல்லிய ஒற்றை வரிச் செயினுக்குப் போயின. நவாராவின் ஒற்றைச் செயின் தேய்ந்து அறுந்த முறைப்பாடுகள் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருகின, இரட்டை வரிச் செயின் போட்டுத் திருத்தினார்கள். பிஎம்டபிள்யூ 2007இல் கொண்டுவந்த என்47 எஞ்சினில் செயின் பின்பக்கம், கியர்பொக்ஸ் இருக்கும் திசையில். அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டிய நிலை. செயினுக்கு மாற்றும் தவணை பெரும்பாலான கைநூல்களில் எழுதப்படவில்லை. 'எழுதவில்லை' என்பதை விற்பவர்கள் 'தேவையில்லை' என்று வாசித்தார்கள்.

செயின் எப்படித் தேய்கிறது? இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள ஊசி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஒரு செயினில் 120 மூட்டுகள், ஒவ்வொன்றிலும் 0.03 மில்லிமீற்றர் தேய்வு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3.6 மில்லிமீற்றர் நீளம் கூடிவிடும். டைமிங் கணக்குப் பிசக அது போதும். டீசல் எரியும்போது உண்டாகும் கரி ஒயிலில் கலந்து, அந்த ஊசிகளை அரத்தாள் போலத் தேய்க்கிறது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் புதிய எஞ்சின்களில் கரி இன்னும் அதிகம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வதும் அநேகமாக ஒயிலின் அழுத்தத்தால்தான்.

ஆக, பெல்ட்டின் ஆயுள் கிலோமீற்றரில், செயினின் ஆயுள் ஒயிலில். பல்சக்கரக் காலத்துப் பழக்கத்தோடு செயின் வண்டி ஓட்டுவதுதான் இன்றைய ஆபத்து.

இதோடு நாட்டின் நெருக்கடியையும் சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. 2022இல் டொலர் 200 ரூபாயளவில் இருந்து 360க்குப் போனபோது ஒயிலும் பில்டரும் எட்டாத விலைக்குப் போயின. ஒயில் மாற்றுவதைப் பலர் தள்ளிப்போட்டார்கள். அந்தத் தேய்வு செயினில் அப்படியே இருக்கிறது. மீட்டரைச் சுற்றலாம், செயினைச் சுற்ற முடியாது.

எனவே வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்:

அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் சில செக்கன்களில் முன்பக்கமோ பின்பக்கமோ கடகடவென்று சங்கிலிச் சத்தம் கேட்டால் அது செயினோ டென்ஷனரோ தேய்ந்ததாக இருக்கலாம். நல்ல மெக்கானிக் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஒயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள், முக்கியமாக 2021 முதல் 2023 வரை உள்ளவற்றை. ஒயில் மூடியைத் திறந்து உள்ளே தார் போலப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் போட்டு, கேமும் கிராங்கும் பொருந்தவில்லை என்ற பிழை பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செயின் மாற்ற வேண்டி வந்தால் டென்ஷனர், கைட், பல்சக்கரம் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பெல்ட் வண்டி என்றால் மீட்டரை நம்பாமல் வாங்கியவுடனேயே மாற்றிவிடுங்கள். எதுவானாலும் அந்தச் செலவை விலை பேசும்போதே கணக்கில் எடுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று. குறையைச் சொல்லி விற்பதுதான் வியாபாரம் என்று இந்தக் கரையோரத்தின் தமிழ், முஸ்லிம் பெரியவர்கள் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நாளை அந்த வண்டியில் லகுகலைக் காட்டைத் தாண்டிப் போகிறவர்கள் நமது அயலவர்கள்.