முதல் உலகப் போரும் சென்னையின் அரசியல் புரட்சியும் (1914–1923)

முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னை நகரம் பட்ட அரிசித் தட்டுப்பாடு, விலையேற்றம், அச்சம் ஆகியவற்றின் நடுவே எழுந்து, பத்தாண்டுக்குள் மாகாணத்தின் அரசியலைப் புரட்டிப்போட்ட நிகழ்ச்சிகளின் தொடர். 1917 மார்ச்சில் பெட்ரோகிராடில் ரொட்டிக்காகத் தெருவில் இறங்கிய பெண்கள் ஜார் மன்னரின் முடியையே கவிழ்த்தார்கள். சென்னையில் அப்படி எந்த முடியும் விழவில்லை. ஆயினும் 1914இல் ஒருவரும் எண்ணிப் பாராத மூன்று மாற்றங்கள் 1921க்குள் இங்கே நடந்து முடிந்தன: ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் அமைந்தது, பிராமணரல்லாதார் கட்சி ஒன்று தேர்தலில் வென்று அமைச்சரவை அமைத்தது, பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். புரட்சி என்ற சொல் இதற்குப் பொருந்தும்.

எம்டன் இரவு

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் சிலரே. ஆனால் மறுநாள் முதல் மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சூழ்ச்சிக்காரரை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் அந்த இரவில் பிறந்தது. அந்த நவம்பரிலேயே கப்பல் கோகோஸ் தீவருகே அழிக்கப்பட்டது. ஆனால் சர்க்காரின் பீரங்கி இருக்கும்வரை கடற்கரைக்கு ஆபத்தில்லை என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை திரும்பவில்லை.

அடையாறும் மயிலாப்பூரும்

அடையாற்றில் 1882 முதல் பிரம்மஞான சபை இருந்துவந்தது. அதன் தலைவர் அன்னி பெசன்ட் 1914இல் ‘நியூ இந்தியா’ நாளிதழைத் தொடங்கினார். போருக்கு ஆளும் பணமும் கொடுக்கும் நாட்டுக்குத் தன்னாட்சி ஏன் இல்லை என்ற ஒரே கேள்வியை அது விடாமல் கேட்டது. 1916 செப்டம்பரில் அவருடைய ஹோம் ரூல் லீக் உருவானது. ஜார்ஜ் அருண்டேல், பி. பி. வாடியா, சி. பி. ராமசாமி அய்யர் ஆகியோர் அதன் தூண்கள். 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு பெசன்ட், அருண்டேல், வாடியா மூவரையும் உதகையில் காவலில் வைத்தார். அதுவே அவர் செய்த பெரும் பிழை. அதுவரை ஒதுங்கியிருந்தவர்களும் லீக்கில் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சி தரப்படும் என்று பிரிட்டனின் இந்திய மந்திரி மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் விடுதலையான பெசன்ட், ஆண்டு முடிவில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

மயிலாப்பூர் வக்கீல்களின் பங்கைச் சொல்ல ஒரு மனிதர் போதும். உயர் நீதிமன்றத்தின் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த முதல் இந்தியரான சர் எஸ். சுப்பிரமணிய அய்யர், மணி அய்யர் என்று ஊரார் அழைத்தவர், அப்போது எழுபதைக் கடந்திருந்தார். பெசன்ட் காவலில் இருந்த ஜூன் மாதத்தில் அவர் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் நடப்பது மக்களின் சம்மதம் இல்லாத ஆட்சி என்பதே அதன் சாரம். தபாலில் போட்டால் தணிக்கையில் சிக்கும் என்பதால் கடிதம் அமெரிக்க நண்பர்கள் கையில் கடல் கடந்தது. 1918இல் அது வெளியானபோது லண்டனில் கடுங்கோபம் எழுந்தது. கண்டனத்துக்குப் பதிலடியாக அவர் தம்முடைய சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். பட்டங்களைத் துறப்பது ஒத்துழையாமை இயக்கத்தின் முறையானது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

அரிசி

இத்தனை பேச்சும் படித்தவர்களின் பேச்சு. வடசென்னையிலும் பழைய நகரத்தின் சந்துகளிலும் போர் வேறு முகம் காட்டியது. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. கப்பல்களோ போருக்குப் போய்விட்டன. சீமைத் துணி வரத்து சுருங்கியது. மண்ணெண்ணெயும் உப்பும் விலையேறின. 1917இல் இந்திய அரசு பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுன் கொடுத்தது. அந்தச் சுமையும் வரியாகவும் விலையாகவும் மக்கள் தலையில் விழுந்தது. 1918இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது.

அந்த ஆண்டு மாகாணமெங்கும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. செப்டம்பரில் கலகம் சென்னைக்கும் வந்தது. இவற்றை வெறும் கொள்ளை என்று எழுதிவைத்த அதிகாரிகள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பல இடங்களில் கூட்டம் முதலில் கேட்டது நியாய விலை. பழைய விலைக்கு அளந்து கொடு என்று கேட்டார்கள். வணிகர் மறுத்தபோதுதான் கடை உடைந்தது. பதுக்கலைத் தடுக்காத சர்க்கார், கலகத்தை அடக்க ஆயுதத்தோடு வந்தது. அடுத்த சில வாரங்களில் விஷக்காய்ச்சல் என்று ஊர் அழைத்த இன்ஃபுளுவென்சா வந்து, அரைவயிற்றுக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது. இந்தியா முழுவதும் அந்த நோயில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள்.

கலகத்துக்குச் சில மாதங்கள் முன்பே பெரம்பூரில் ஒரு விதை விழுந்திருந்தது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் படைக்குக் காக்கித் துணி நெய்து கொழித்தன. தொழிலாளர்கள் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நின்றார்கள்; நடுவே சாப்பிட அரை மணி. கை கழுவி, இடம் தேடி, சோற்றைப் பிரிப்பதற்குள் சங்கு ஊதிவிடும். அந்தப் பகுதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் கோ. இராமாநுஜலு நாயுடுவும் இந்தக் குறையைத் தூக்கிக்கொண்டு வாடியாவிடம் போனார்கள். பம்பாய்ப் பார்சியான அவருக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆட்கள் நின்றார்கள். கூடவே ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு. வி. கல்யாணசுந்தரனார் தம் தமிழோடு மேடையேறினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையான அமைப்பும் உறுப்பினர் சந்தாவும் கொண்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் இது தலையாயது. சாப்பாட்டு நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டிக் கேட்டதே அதன் முதற் கோரிக்கைகளில் ஒன்று. பின்னர் நிறுவனம் வாடியா முதலானோர் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தடையாணையும் பெற்றது. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் என்ற நிலை அதனால் உண்டானது. அந்த நிலையை மாற்றவே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இன்னொரு குரல்

ஹோம் ரூல் வந்தால் ஆளப்போவது யார் என்ற கேள்வியை வேப்பேரியில் 1916 நவம்பர் 20 அன்று கூடியவர்கள் எழுப்பினார்கள். பிட்டி தியாகராயர், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோர் அமைத்த தென்னிந்திய நல உரிமைச் சங்கம், தன் ‘ஜஸ்டிஸ்’ இதழின் பெயரால் நீதிக்கட்சி என்று வழங்கலாயிற்று. பதவியிலும் படிப்பிலும் ஒரே சாதியார் நிறைந்திருக்கையில் தன்னாட்சி என்பது அவர்களாட்சியாகவே முடியும் என்பது இவர்கள் வாதம். பெசன்டையும் மயிலாப்பூர் வக்கீல்களையும் இவர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். வெள்ளையரை அண்டிய கட்சி என்ற பழி அப்போதே எழுந்தது. ஆனால் இவர்கள் எழுப்பிய கேள்வி உண்மையானது. போர் இல்லாவிட்டாலும் ஒருநாள் எழுந்திருக்கும். போர், ஆட்சி கைமாறும் நாளை அருகில் கொண்டுவந்ததால் அது அவசரக் கேள்வியானது.

1919 மார்ச்சில் காந்தி கதீட்ரல் சாலையில் ‘இந்து’ ஆசிரியர் கஸ்தூரிரங்க அய்யங்கார் வீட்டில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கினார். போர்க்கால அடக்குமுறையை அமைதிக் காலத்திலும் நீட்டித்த ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுவதும் ஒரே நாளில் கடையடைப்பு என்ற எண்ணம், அரைத் தூக்கத்தில் தமக்கு உதித்தது அங்கேதான் என்று அவரே எழுதியிருக்கிறார். சத்தியாக்கிரகத்தை ஏற்காத பெசன்ட், இரண்டு ஆண்டு முன்பு தம்மைத் தோளில் தூக்கிய ஊரிலேயே தனித்துப்போனார்.

பின்விளைவு

1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்தல் நடந்த 98 இடங்களில் நீதிக்கட்சி 63ஐப் பிடித்தது. தியாகராயர் பதவி வேண்டாமென்று ஒதுங்க, அ. சுப்பராயலு ரெட்டியாரும் அவருக்குப் பின் பனகல் அரசரும் முதல் அமைச்சரானார்கள். வாக்குரிமை சொத்துள்ளவர்களுக்கு மட்டும். 1918இல் கடைவாசலில் நின்றவர்களில் எவருக்கும் அநேகமாக ஓட்டில்லை. இருந்தும் 1921இல் அரசுப் பணிகளை வகுப்புவாரியாகப் பங்கிடும் அரசாணை வந்தது. அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தை இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை நிறைவேற்றியது. அதற்காகப் பாடுபட்ட இந்திய மாதர் சங்கமும் போர் நடுவில், 1917இல், அடையாற்றில் பிறந்ததுதான்.

அதே 1921 ஒரு தீராத காயத்தையும் தந்தது. பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் சாதிக் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆதிதிராவிடர்களைக் குறைகூறிய நீதிக்கட்சியிடமிருந்து அவர்களின் தலைவர் எம். சி. ராஜா விலகிப்போனார். ஒன்றாக நின்று பத்து நிமிடச் சோற்று நேரம் கேட்ட கூட்டம் மூன்றே ஆண்டில் இரண்டாகப் பிளந்தது. இந்தக் கதையில் நெஞ்சை மிக வருத்தும் பக்கம் இதுவே. 1923 மே முதல் நாள் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் செங்கொடியேற்றி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது, அவர் முன்னே இருந்தது அந்தப் பிளவை ஒட்டவைக்கும் வேலை.

வென்றவர்களின் பெயர்கள் தென்சென்னைத் தெருக்களில் எழுதப்பட்டிருக்கின்றன. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை 1920களில் வடித்து, நீதிக்கட்சி ஆட்சி ஒரு புதிய குடியிருப்பை எழுப்பியது. அதுவே தியாகராய நகர். நடுவே பனகல் பூங்கா. சுற்றிலும் டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, கோபதி நாராயணசாமி செட்டி சாலை. அடையாற்றுப் பக்கம் பெசன்ட் நகர் என்ற பெயர் பிற்காலத்தில் வந்தது. மாம்பலம் ஏரி முன்பு வயல்களுக்குப் பாசனம் தந்தது. அரிசிக்காக நகரம் கலகம் செய்த ஐந்தாறு ஆண்டுக்குள் அந்த வயல்கள் மனைகளாயின. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு பழைய கரையின் நினைவு. பெருமழை நாட்களில் தியாகராய நகர்த் தெருக்களில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர், தன் பழைய படுகைக்கே வந்து சேருகிறது.